எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அளவுகோல்



மொழியியலார், இசையியலார், கணினியியலார் என மூன்று துறையினரும் ஒரே அரங்கில் கூடியிருக்கிறீர்கள். பேச்சிலிருந்தும் இசையிலிருந்தும் பண்புக்கூறுகளைப் பிரித்தெடுக்கும் திறமூல மென்பொருள்தான் இன்று உங்கள் மூவருக்கும் பொதுவான கருவி. அதைப் பற்றி ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மென்பொருள் ஓர் எண்ணைத் தந்தவுடன் அதைக் கட்டுரையில் எடுத்து எழுதிவிடுகிறோம். அந்த எண் எந்தக் கணக்கில், எந்த அனுமானத்தில் பிறந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. மூலநிரல் நமக்காகத் திறந்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் 1990களில் பிராட் மென்பொருளை உருவாக்கினார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரியான் ஐபன், மார்ட்டின் வோல்மர், பியோர்ன் ஷுல்லர் ஆகியோரின் கைவண்ணம் ஓப்பன்ஸ்மைல். இசை ஆய்வுக்கு பார்சலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் எசென்சியாவைத் தந்தது. பைத்தான் எழுதுகிறவர்களுக்கு லிப்ரோசா இருக்கிறது. இவை எல்லாமே ஒலியைச் சில பத்து மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஆற்றல், சுருதி, நிறமாலையின் வடிவம் ஆகியவற்றை அளக்கின்றன.

ஓப்பன்ஸ்மைலின் ஒரு பண்புக்கூறுத் தொகுதி, ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் 6373 எண்களைத் திருப்பித் தரும். ஐபனும் ஷுல்லரும் மற்றவர்களோடு சேர்ந்து 2016இல் வெளியிட்ட இன்னொரு தொகுதியில் 62 கூறுகள்தாம்; அதன் விரிந்த வடிவத்தில் 88. குரலுறுப்புகளில் நடக்கும் மாற்றத்தை இந்தக் கூறு காட்டுமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறாயிரம் எண்களை விட இந்த எண்பத்தெட்டே ஆராய்ச்சிக்குப் பெருமை சேர்ப்பவை என்று நான் கருதுகிறேன்.

நம் ழகரத்துக்கு வருகிறேன். தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளையும் ஷ்ரீகாந்த் நாராயணனும் உடனாய்வாளர்களும் எம்.ஆர்.ஐ. படம் உள்ளிட்ட முறைகளால் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். ழகரத்தை ஒலிக்கும்போது மூன்றாம் ஃபார்மன்ட், அதாவது குரல்பாதையின் மூன்றாம் ஒத்ததிர்வு, தாழ்ந்து இரண்டாவதை நெருங்கி வருகிறது. அதன் ஒலியியல் அடையாளமே அந்த நெருக்கம்தான். பிராட் மென்பொருளோ, நாம் எதையும் மாற்றாவிட்டால், 5500 ஹெர்ட்ஸுக்குள் ஐந்து ஃபார்மன்ட்டுகளைத் தேடும். அந்த உச்சவரம்பு சராசரிப் பெண்குரலுக்கு உரியது. ஆண்குரலுக்கு 5000 வையுங்கள், சிறு குழந்தைக்கு 8000 வரை உயர்த்துங்கள் என்று அதன் கையேடே சொல்கிறது. ஆண்குரலை 5500இலேயே விட்டால், அருகருகே இருக்கும் இரண்டு ஃபார்மன்ட்டுகளை ஒன்றாகக் கணக்கிட்டுவிடக்கூடும். அப்படி ஆகிவிட்டால் ழகரத்தின் அடையாளம் அட்டவணைக்கு வருமுன்பே அழிந்துவிடும். பிறகு எத்தனை புள்ளியியல் சோதனை செய்தும் அதை மீட்க முடியாது.

இசையில் சிக்கல் இன்னும் ஆழமானது. தோடியின் காந்தாரத்தைப் பாடகர் ஓர் இடத்தில் நிறுத்துவதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைத்துப் பாடுகிறார். அந்த அசைவே காந்தாரம். லிப்ரோசாவின் குரோமா அளவை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு பெட்டிகளாகப் பிரித்து, 22050 ஹெர்ட்ஸில் 2048 மாதிரிகளை, அதாவது ஏறத்தாழ 93 மில்லிவினாடியை, ஒரு துண்டாக எடுத்துக்கொள்ளும். ரி, க, ம மூன்று பெட்டிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆற்றல் விழும். அந்த அட்டவணையைப் பார்க்கிறவர் பாடகர் மூன்று சுரங்களைத் தொட்டார் என்றுதான் எழுதுவார். இத்தகைய அசைவை, அதாவது கமகத்தை, ஆராய வேண்டுமானால் பெட்டிகளை விட்டுவிட்டு, சுருதியின் தொடர்ந்த வளைகோட்டையே எடுத்தாக வேண்டும்.

அந்த வளைகோட்டுக்கும் முதலில் ஆதார ஷட்ஜம், அதாவது பாடகர் அடிப்படையாகக் கொள்ளும் சுருதி, தெரிய வேண்டும். ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கிய மக்காம், பெய்ஜிங் ஓபரா, அரபு ஆண்டலூசிய இசை ஆகிய ஐந்து மரபுகளை அது எடுத்துக்கொண்டது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றது. பின்னால் இடைவிடாது ஒலிக்கும் தம்புராவையே சான்றாகக் கொண்டு ஆதார சுருதியைக் கண்டுபிடிக்கும் முறையை அத்திட்டத்தின் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். இந்திய இசைக்கென ஆதார சுருதி காணும் கருவி இன்று எசென்சியாவுக்குள்ளேயே இருக்கிறது, உலகில் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு மரபின் தேவை பொதுக் கருவியைத் திருத்திய இந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

உரிமங்களையும் கவனியுங்கள். பிராட், எசென்சியா, லிப்ரோசா மூன்றும் முழுப் பொருளில் திறமூலம். ஓப்பன்ஸ்மைலின் இப்போதைய உரிமம் ஆய்வுக்கும் கல்விக்கும் இலவசம்; வணிகத்துக்குத் தனி அனுமதி வேண்டும். மாணவர்கள் செயலி உருவாக்கத் தொடங்குமுன் வழிகாட்டிகள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கட்டுரை வழங்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மென்பொருளின் பெயரோடு நிற்காமல் பதிப்பு எண், துண்டின் நீளம், சுருதித் தேடலின் கீழ் மேல் எல்லைகள், ஃபார்மன்ட் உச்சவரம்பு ஆகியவற்றையும் சொல்லுங்கள். அமைப்புக் கோப்பை இணைத்தே கொடுங்கள். தமிழ்ப் பேச்சுக்கோ நம் இசைக்கோ ஒரு மதிப்பு பொருந்தவில்லை என்று கண்டால், அதை ஒலிக்கோப்பின் சான்றோடு அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். கேள்வி நேரத்தில் நானும் இவற்றைத்தான் முதலில் கேட்பேன். கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, முதல் அமர்வின் பேச்சாளரை மேடைக்கு அழைக்கிறேன்.