எந்தப் பூட்டு நல்ல பூட்டு?

 

டெல்லியில், யமுனை ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது மயூர் விஹார். இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அடுக்கு வீடுகளின் தொகுதிக்கு இங்கே 'பாக்கெட்' என்று பெயர். பாக்கெட்டின் வாயிலில் காவலர் இருப்பார். "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பார். மாடி ஏறினால் கம்பிக் கதவு. அதற்குப் பின்னால் மரக்கதவு. அதில் ஒரு பூட்டு. இத்தனையும் எதற்கு? வீட்டுப் பொருள் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான்.

இப்போது வீட்டுப் பொருள் முழுவதும் பீரோவில் இல்லை. பாதி கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் இருக்கிறது. பிள்ளைகளின் சான்றிதழ், தாத்தாவின் பென்ஷன் தாள், கல்யாணப் படங்கள், வங்கிக் கணக்கு. இந்த வீட்டுக்குக் காவலர் யார்? பூட்டு எது? இதுதான் இன்றைய பேச்சு.

கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. அந்தப் பெட்டியை வேலை செய்ய வைப்பது ஒரு பெரிய நிரல். நிரல் என்றால் கம்ப்யூட்டருக்கு எழுதித் தரும் கட்டளைகள். இந்தப் பெரிய நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்பவை எல்லாம் இயங்குதளங்களே. எந்த நிரலை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது என்று பார்ப்பதும் இதன் வேலை. இதுதான் வீட்டுக் காவலர்.

வைரஸ் என்பதும் மனிதர் எழுதிய நிரல்தான். ஆனால் கெடுதல் செய்யும் நிரல். அது காற்றில் பரவாது. பென் டிரைவில் வரும். கடிதத்தோடு இணைத்து வரும். திருட்டு நகல் நிரலில் ஒளிந்து வரும். 1986-ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூரில் இரண்டு சகோதரர்கள் 'பிரெய்ன்' என்ற வைரஸை எழுதினார்கள். அது ஃபிளாப்பி தட்டுகளில் ஏறிப் பல நாடுகளுக்குப் போய்விட்டது. அன்றைய வைரஸ் பெரும்பாலும் தொல்லை கொடுத்தது. இன்றைய வைரஸ் பணத்தைக் குறி வைக்கிறது.

சரி, எந்தக் காவலர் நல்லவர்? ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலில் விண்டோஸ். இது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தினுடையது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அதனால் வைரஸ் எழுதுபவர்களும் இதையே அதிகம் குறி வைக்கிறார்கள். கூட்டமான பஸ்ஸில்தானே ஜேப்படிக்காரன் ஏறுவான்? ஆனால் இன்றைய விண்டோஸில் 'டிஃபெண்டர்' என்ற வைரஸ் தடுப்பு கூடவே வருகிறது. அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது மேக். இது ஆப்பிள் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் இருப்பது. விலை அதிகம். வைரஸ் தொல்லை குறைவு. "மேக்கில் வைரஸே வராது" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 2012-இல் 'ஃபிளாஷ்பேக்' என்ற கெட்ட நிரல் ஆறு லட்சத்துக்கும் அதிகமான மேக் கம்ப்யூட்டர்களில் புகுந்தது.

மூன்றாவது லினக்ஸ். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். பிறகு உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். இது இலவசமாகவே கிடைக்கும். இதன் கட்டளைகளை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். நம் நாட்டிலும் சி-டாக் என்ற அரசு நிறுவனம் லினக்ஸைக் கொண்டு 'பாஸ்' என்ற இயங்குதளத்தைச் செய்தது. அந்த வேலை சென்னையில் நடந்தது. லினக்ஸில் ஒரு நிரலைக் கம்ப்யூட்டர் முழுமைக்கும் பொதுவாகச் சேர்க்க வேண்டுமானால் கடவுச்சொல் கேட்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இதை வைத்திருப்பவர்கள் குறைவு. ஆகவே அவர்களைத் தாக்கும் வைரஸும் குறைவு. ஆனால் விண்டோஸுக்கென்று எழுதிய சில நிரல்கள் இதில் ஓடாது.

அப்படியானால் லினக்ஸ் போட்டால் போதுமா? அவசரப்பட வேண்டாம். நடந்த மூன்று நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

முதல் நிகழ்ச்சி. 2017 மே 12-ஆம் நாள் 'வானாகிரை' என்ற வைரஸ் உலகைத் தாக்கியது. சுமார் 150 நாடுகளில் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. உள்ளே இருந்ததை எல்லாம் அது பூட்டிவிட்டது. "பணம் கொடுத்தால் திறப்போம்" என்று திரையில் எழுத்து வந்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள்கூடத் தவித்தன. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டை எப்போது தெரியும்? முன்பே தெரியும்! மார்ச் 14-ஆம் நாளே மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கத் திருத்தம் வெளியிட்டிருந்தது. இதைத்தான் 'அப்டேட்' என்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களின் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டை வழியாக வைரஸ் நுழைய முடியவில்லை. போடாதவர்கள் அகப்பட்டார்கள். இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே விண்டோஸ்தான்.

இரண்டாவது நிகழ்ச்சி டெல்லியிலேயே நடந்தது. எய்ம்ஸ் மருத்துவமனையை அறியாதவர் உண்டா? 2022 நவம்பர் 23-ஆம் நாள் அங்கே இப்படிப்பட்ட தாக்குதல் நடந்தது. ஐந்து சர்வர் கம்ப்யூட்டர்களில் இருந்த விவரங்கள் பூட்டப்பட்டன. நோயாளிகளுக்குச் சீட்டுப் போடுவது முதல் பல வேலைகளைக் கையால் எழுதிச் செய்ய வேண்டியதாயிற்று. இப்படியே பல நாள் ஓடியது. பிறகு விவரங்கள் எப்படித் திரும்பக் கிடைத்தன? வேறொரு சர்வரில் நகல் இருந்தது. அதை வைரஸ் தொடவில்லை. அந்த நகல்தான் காப்பாற்றியது.

மூன்றாவது நிகழ்ச்சி செல்போனில் நடப்பது. 2024-இல் வாட்ஸ்அப் வழியாகக் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஒரு கோப்பு பலருக்கு வந்தது. அதன் பெயர் 'ஏ.பி.கே.' என்ற எழுத்துகளில் முடியும். உண்மையில் அது பத்திரிகை அல்ல, கெட்ட நிரல். ஆண்ட்ராய்டு போனில் அதைத் திறந்து, கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று அழுத்தினால், குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண்ணையும் அது படித்துவிடும். வங்கிப் பணம் போய்விடும். அப்படிப்பட்ட கோப்பு ஐபோனில் ஏறாது. ஆனால் ஐபோன் வைத்திருப்பவர் தாமாகவே ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிட்டால்? அப்போது எந்தக் காவலரும் காப்பாற்ற முடியாது. திருடன் பூட்டை உடைக்கவில்லை. வீட்டுக்காரரே சாவியைக் கொடுத்துவிட்டார்.

இந்த மூன்றிலிருந்தும் தெரிவது என்ன? பூட்டின் பெயர் முக்கியம்தான். ஆனால் பூட்டைப் பழுது பார்ப்பது அதைவிட முக்கியம். சாவியைக் காப்பது எல்லாவற்றிலும் முக்கியம்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

ஒன்று. அப்டேட் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டர் துருப்பிடித்த பூட்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. நேரு பிளேஸ் கடைத்தெருவில் பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டரை வீசிவிட வேண்டாம். அதில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். கடிதம் எழுதவும், பிள்ளைகள் படிக்கவும் அது போதும்.

இரண்டு. திருட்டு நகல் நிரலை வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும். அதனுள் வைரஸும் இருக்கலாம்.

மூன்று. முக்கியமான படங்களுக்கும் தாள்களுக்கும் தனியே ஒரு நகல் எடுங்கள். நகல் எடுத்த பிறகு அந்த டிரைவைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

நான்கு. தெரியாத கோப்பைத் திறக்காதீர்கள். தெரிந்தவர் அனுப்பினாலும் சந்தேகம் வந்தால், அவருக்கே போன் செய்து கேளுங்கள். அவர் போனையே வைரஸ் பிடித்திருக்கலாம்.

ஐந்து. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

"இதெல்லாம் படித்தவர்கள் பார்க்க வேண்டிய வேலை" என்று சிலர் ஒதுங்கிக்கொள்வார்கள். அது தவறு. இரவில் கதவைத் தாழ் போட யாரும் பட்டம் வாங்கவில்லை. திரையில் ஓர் எழுத்து வந்தால் அதை நிதானமாகப் படியுங்கள். புரியாவிட்டால் 'சரி' என்று அழுத்தாதீர்கள். வீட்டில் பிள்ளைகளைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள். கற்றுக்கொண்ட எழுத்து கையெழுத்துப் போட மட்டும் அல்ல. வீட்டைக் காக்கவும்தான்.