டை ரொட் என்னும் சிறு தண்டு

கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் பல உள்ளன. அங்கே காரைக் காப்பது ஓட்டுநரின் கை மட்டுமன்று. அக்கையின் கட்டளையை முன்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் டை ரொட் என்னும் தண்டுமாகும். அதன் நுனிமூட்டுத் தேய்ந்தால் ஸ்டியரிங் ஆடும். டயர் ஒருபுறமாகத் தேயும். மூட்டுக் கழன்றாலோ, சக்கரம் நம் சொற்கேளாது.

அதனை வீட்டிலேயே மாற்ற விரும்புவோர், சமதரையிற் காரை நிறுத்தி, ஜக்கை மட்டும் நம்பாது உறுதியான தாங்கிகளையும் வைத்தல் வேண்டும். பழைய மூட்டைக் கழற்றும்போது சுற்றுக்களை எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே முடுக்குக. நட்டுக்குப் புதிய கொட்டர் பின் இடுக.

ஆயினும், எண்ணிய சுற்று அளவீடாகாது. கராஜில் வீல் எலைன்மென்ட் பார்த்த பின்னரே மலையிறங்குக. நாமே செய்தோம் என்னும் பெருமையினும், உடன் வருவோரின் உயிர் பெரிது.