மூன்று பள்ளிக்கூடங்களைப் பார்த்து வந்தோம்

(செப்டம்பர் மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



ஜூன் மாதம் வந்தால் நம் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? இந்த ஜூனில் ஒரு அக்கா சொன்னார்: "நம்ம ஊர்ல ஓட்டுக் கட்டடம், இருபது பிள்ளைங்கதான். ரோட்டோரப் பள்ளிக்கூடம் மாடிக் கட்டடம். என் மகள அங்க மாத்திட்டேன்." இரண்டுமே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிதான். "உள்ள போய்ப் பார்த்தீங்களா அக்கா?" என்று கேட்டேன். "இல்ல மேடம், வெளியில பார்த்ததுதான்" என்றார்.

வங்கி நமக்குக் கடன் தரும் முன் குழுவைத் தரம் பார்க்கிறது. அப்போது பெயர்ப் பலகையையா பார்க்கிறார்கள்? கூட்டம் ஒழுங்கா நடக்குதா, சேமிப்பு, உள்கடன், திருப்பம், பதிவேடு சரியா இருக்கா என்றுதானே பார்க்கிறார்கள்? பள்ளிக்கூடத்தையும் அப்படிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. தலைமை ஆசிரியர்களிடம் அனுமதி கேட்டு, ஜூலையில் நாங்கள் ஐந்து பேர் அந்த ஊராட்சியின் மூன்று தொடக்கப்பள்ளிகளுக்கும் போனோம். மூன்றிலும் ஒரே கேள்விகள்தான்.

1. பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர் எத்தனை?
2. அன்றைக்கு வந்திருப்பவர்கள் எத்தனை பேர்?
3. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கிறதா?
4. குடிதண்ணீர், கழிப்பறை உண்டா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா?
5. சாப்பாடு எப்படி?

ரோட்டோரப் பள்ளியில் 104 பிள்ளைகள், 3 ஆசிரியர். தண்ணீர், கழிப்பறை நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு வகுப்பு ஒரே அறையில். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் வாசிக்கத் திணறினார்கள். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 பேர் வேண்டும். அங்கே ஒருவர் குறைவு.

ஓட்டுக் கட்டடப் பள்ளியில் 22 பிள்ளைகள், 2 ஆசிரியர். ஒரு மூலையில் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் இருந்த நான்கு பிள்ளைகளும் தடங்கலில்லாமல் வாசித்தார்கள். அந்த அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது, காலனிப் பள்ளி. 47 பிள்ளைகள். ஆசிரியர் பணியிடம் 2, ஆனால் ஒருவர் மாற்றுப்பணியில் வேறு ஊரில் இருக்கிறார். கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இல்லாததால் பூட்டிக் கிடந்தது. இடைவேளையில் பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள், சிலர் திரும்பி வருவதில்லை.

காலைச் சாப்பாடு மூன்றிலும் நடக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவான திட்டம் இது. சமைப்பவர்களில் நம் குழுப் பெண்களும் உண்டு. எந்தப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்று அவர்களிடம் கேட்டாலே போதும், விரல்விட்டுச் சொல்கிறார்கள்.

சரி, பார்த்தாயிற்று. இனி எல்லோரும் ஒரே பள்ளிக்கு ஓடலாமா? ஓடினால் அங்கே நெரிசல். நம் ஊர்ப் பள்ளியில் எண்ணிக்கை குறையும், கடைசியில் பள்ளியே போய்விடும். காலையில் ஏழு மணிக்கே வயல் வேலைக்குப் போகிற தாய் எப்படித் தூரத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார்? அந்தப் பிள்ளைதான் முதலில் நிற்கும். ஒப்பிட்டுப் பார்ப்பது பிள்ளையை மாற்றிச் சேர்க்க மட்டும் என்று நினைக்க வேண்டாம். அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை என்று கேட்கவும்தான்.

கேட்க இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று பள்ளிக் குழுக்களிலும் பேசி மனு எழுதினோம். ரோட்டோரப் பள்ளிக்கு நான்காவது ஆசிரியர், ஓட்டுக் கட்டடத்துக்குக் கூரைப் பழுது, காலனிப் பள்ளிக்குத் தண்ணீரும் ஆசிரியரும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக எழுத வைத்தோம்.

காலனிப் பள்ளியில் குழாய் போட்டாயிற்று, பூட்டும் திறந்தாயிற்று. ஆசிரியர்கள் இன்னும் வரவில்லை, கூரையும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் மறுபடியும் கேட்போம். அந்த அக்கா மகளைத் திரும்பக் கொண்டு வரவில்லை. ஆனால் மூன்று மனுவிலும் முதல் கையெழுத்து அவருடையது.

உங்கள் ஊராட்சியிலும் குழுவுக்கு இரண்டு பேராகப் போய்ப் பாருங்கள். ஐந்து கேள்விக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.