சட்டைக்கு வணக்கம், ஆளுக்கு?

(சென்னிமலையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூட ஆண்டு விழாவுல, பிரிவு உபசார விழாவுல, நம்ம பிள்ளைக என்.சி.சி. காக்கிச் சீருடையோட மேடை ஏறலாமா கூடாதா? இதப் பத்திப் பேசச் சொல்லியிருக்கீங்க. ரெண்டு கட்சியா நிக்கிறீங்கன்னும் தெரியுது. 'அது அரசோட அடக்குமுறைச் சட்டை, அத நாமளே மாட்டிக்கிட்டு நிக்கிறதா?' என்பது ஒரு கட்சி. 'அந்தச் சட்டையப் போட்டாத்தான் ஊர்ல ஒருத்தன் நம்மள மதிச்சுப் பாக்குறான்' என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதனால் வரலாற்றைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது.

துணி என்றால் என்னவென்று சென்னிமலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது தறி ஓடுகிற ஊர். கொடியைக் கையில் பிடித்தபடி போலீஸ் தடியடிபட்டு, 1932 ஜனவரியில் உயிர்விட்ட திருப்பூர் குமரன் பிறந்த ஊர். அந்தக் குமரன் உயிரோடிருந்த காலத்திலேயே, 1930 டிசம்பரில், ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளைப் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. செருப்பு கூடாது, குடை கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. அடுத்த வருஷமே எட்டு பதினொன்றாச்சு. புதுசாச் சேர்ந்ததில் ஒன்று என்ன தெரியுமா? ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதாரர் மாட்டை மேய்க்கணும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இந்தப் பட்டியலைத் தன் புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார்.

சட்டையும் படிப்பும் ஒரே பட்டியல்ல தடுக்கப்பட்டிருக்கு, கவனிங்க. பூட்ஸ், தொப்பி, பெல்ட்டோட நம்ம பொண்ணு ஒருத்தி பள்ளி மேடையில ஏறினா, அந்தப் பட்டியலை அவ மிதிச்சுக்கிட்டு ஏறுறா. 'அரசுச் சட்டை' என்று ஒரே வரியில் அதைத் தள்ளிவிட என்னால் முடியாது.

ஆனா அந்தச் சட்டை நமக்குச் சொந்தமா? அண்ணலின் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். அவர் 1891-ல் பிறந்தது மோவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியின் தலைமையாசிரியர். கிராமத்துப் பள்ளிக்கூடம் மகார்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், ராணுவம் தன் வீரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு கொடுத்தது. வெள்ளைக்காரன் கருணையால் அல்ல, அவனுக்குத் தேவை இருந்தது. தேவை தீர்ந்ததும் என்ன செய்தான்? 1890-களின் தொடக்கத்தில், 'போர்க்குடி' 'போர்க்குடி அல்லாதவன்' என்று சாதி பிரித்து, மகார்களை ராணுவத்தில் சேர்ப்பதையே நிறுத்தினான். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது, 1917-ல் மகார் படையைக் கட்டினான். போர் முடிந்தது, 1921-ல் கலைத்தான். மறுபடி போர் வந்தது, 1941-ல் மகார் ரெஜிமெண்ட். நம்ம பக்கமும் மெட்ராஸ் படையில் பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள். அந்தப் பயோனியர் படைகளை 1933-ல் கலைத்தார்கள்.

கொடுத்தவன் கழற்றிக்கொள்ளக்கூடிய சட்டை அது. கழற்ற முடியாமல் போனது ராம்ஜி வீட்டுக்குள் வந்துவிட்ட படிப்பு.

1907-ல் அண்ணல் மெட்ரிக்குலேஷன் தேறியபோது அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. கெலுஸ்கர் என்ற ஆசிரியர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். நமக்குத் தெரிந்த முதல் பெரிய பள்ளியிறுதி விழா அதுதான். அந்த மேடையில் கைமாறியது ஒரு புத்தகம். 1956-ல் நாகபுரி வரைக்கும் போன பாதையில் அந்தப் புத்தகத்துக்கும் இடம் உண்டு.

உடுப்பு எவ்வளவு தூரம் காப்பாத்தும்னும் அண்ணலே எழுதி வெச்சிருக்கார். 1901. அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் ரயிலேறிப் போகிறார்கள். நல்ல சட்டை, சரிகைத் தொப்பி, புது ஷூ. இறங்கின ஸ்டேஷனில் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார், பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு. 'மகார்' என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. இரட்டைக் கூலி தருகிறேன் என்றபோதும் வண்டிக்காரன் தீட்டுக்குப் பயந்து கூடவே நடந்து வந்தான். பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். சாதி தெரிகிற வரைக்கும்தான் சட்டைக்கு மரியாதை.

பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் நான். ராணுவ பென்ஷன் வாங்க வரும் நம்மாளு ஒருத்தர் கையெழுத்தில் பேருக்குப் பின்னால் ஹவில்தார் என்று அழுத்தமாகப் போடுவார். 'ஊர்ல எப்படிங்க கூப்பிடுறாங்க?'ன்னு ஒருதரம் கேட்டேன். 'லீவுல யூனிபார்மோட வந்தப்ப மிலிட்டரிக்காரரே-ன்னாங்க. கழட்டிட்டு வந்தப்புறம் வாடா போடாதான்'னார்.

சீருடைக்கு இன்னொரு முகம் உண்டு. 1992 ஜூனில் வாச்சாத்தி மலைக்கிராமத்துக்குள் புகுந்தவர்கள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக்காரர்கள். பதினெட்டு பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் தண்டித்தது, 2023-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1999 ஜூலையில் தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தின் மீது தடியடி. பதினேழு உயிர் போனது. அங்கேயும் காக்கிதான். முதல் கட்சித் தோழர்களின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது என்பது இதனால்தான்.

அமெரிக்காவிலும் இந்த வழக்கு உண்டு. பள்ளியிறுதி விழாவில் எல்லோரும் ஒரே மாதிரி அங்கி போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். படையில் சேர்ந்து பயிற்சி முடித்த மாணவன் ராணுவ உடுப்போடு வரலாமா என்று சண்டை வந்தது. கலிஃபோர்னியா மாநிலம் வரலாம் என்று சட்டமே போட்டது. அதோடு நிற்காமல், பூர்வகுடி மாணவர் கழுகிறகு போன்ற தம் அடையாளங்களை அணிந்து வரவும் சட்டத்தில் இடம் கொடுத்தது. நாம் படிக்க வேண்டியது இந்த இரண்டாவது சட்டத்தை. ராணுவ உடுப்பை அனுமதிக்க அரசுக்குச் சிரமமே இல்லை, அது அரசின் உடுப்பு. ஒடுக்கப்பட்டவன் தன் அடையாளத்தோடு மேடை ஏறுவதற்குத்தான் போராட வேண்டியிருக்கிறது.

அப்ப முடிவா என்ன சொல்றே-ன்னு கேப்பீங்க. போடுங்க. கூச்சமில்லாமப் போடுங்க. என்.சி.சி. 1948-ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. அதில் சேர்ந்தால் ராணுவத்துக்குப் போயே தீரணும்னு கட்டாயம் இல்லை. சான்றிதழ் வேலைக்கு உதவும், வாங்கி வெச்சுக்கோங்க. ஆனா மூணு கேள்விய விடாதீங்க. உங்க பள்ளியில் அணிக்கு ஆள் எடுக்கும்போது நம்ம தெருப் பிள்ளைக எத்தனை பேர்? அணிவகுப்புக்கு முன்னால நிக்கிறது யாரு, விழா முடிஞ்சு பெஞ்சு தூக்குறது யாரு? காக்கியில் சல்யூட் வாங்கிய பிள்ளை மறுநாள் சாதாரணச் சட்டையில் வந்தால், அதே வாத்தியார், அதே டீக்கடைக்காரர் எப்படிக் கூப்பிடுகிறார்?

மூணாவது கேள்விக்குப் பதில் 'வாடா'ன்னு இருந்தா, சீருடைக்காகச் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. சாதாரணச் சட்டைக்காகத்தான் சண்டை போடணும். ஆண்டு விழாவுக்கு முன்னாடி இந்த மூணு கேள்விக்கும் கணக்கெடுத்துக்கிட்டு வாங்க. அத வெச்சு அடுத்த கூட்டத்துல பேசலாம். ஜெய் பீம்.