வண்டி வருவதற்கு முன்னே

(தலைப்பு: தீயிலிருந்து ஊரைப் பெரிதும் காப்பது தீயணைப்புத் துறையா? மக்களின் விழிப்பா? ஒரத்தநாடு பட்டிமன்றத்தில் ‘மக்களின் விழிப்பே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

அனல் பறக்கப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! தீயணைப்புத் துறைக்காகப் பேச வந்தவங்க இப்படி அனல் பறக்கப் பேசலாமாங்கய்யா? (சிரிப்பு)

எதிரணித் தலைவர் துறையின் வரலாற்றை அழகாகச் சொன்னார். 1908-இல் சென்னையிலே தொடங்கியது. இன்று தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிறது. 1985-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. தலைமையிலே இயக்குநர், மாவட்டத்துக்கு மாவட்ட அலுவலர், நிலையத்துக்கு நிலைய அலுவலர், அவருக்குக் கீழே முன்னணித் தீயணைப்பாளர், ஓட்டுநர், தீயணைப்பாளர் என்று ஏணிப்படி மாதிரி அமைப்பு. தீயை மட்டுமா அணைக்கிறார்கள்? கிணற்றிலே மாடு விழுந்தாலும் அவர்கள்தான், அடுப்படியிலே பாம்பு புகுந்தாலும் அவர்கள்தான். அத்தனையும் உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அவர்கள் எப்போது வருகிறார்கள்? நாம் கூப்பிட்ட பிறகு! நாம் எப்போது கூப்பிடுகிறோம்? பற்றிய பிறகு! அந்த இடைவெளியிலே ஊரைக் காப்பது யார்? அதுதான் என் கேள்வி.

பம்பாய்த் துறைமுகத்தைச் சொல்லிக் கண்கலங்க வைத்தார்கள். 1944 ஏப்ரல் 14. ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். இன்றைக்கும் ஏப்ரல் 14 அவர்களுடைய நினைவு நாள். நானும் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தக் கப்பலிலே என்ன இருந்தது என்பதை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். பஞ்சுப் பொதியும் இருந்தது, வெடிமருந்தும் இருந்தது. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலிலே ஏற்றினால் என்ன ஆகும் என்று நம்ம வீட்டுப் பாட்டிக்குத் தெரியாதா? ஏற்றியவர் விழிப்பில்லை, அணைக்கப் போனவர் உயிர் இல்லை! (கைதட்டல்)

பம்பாய் தூரம். நம்ம பக்கத்துக்கு வாருங்கள். 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. யாகசாலைப் பந்தலிலே தீ. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்திலே கல்யாணம். மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடத்திலே 94 குழந்தைகள்.

அந்த எண்ணைச் சொல்லும்போது நாக்கு கூசுகிறதய்யா.

இந்த மூன்று இடத்திலும் பற்றி எரிந்தது என்ன? கீற்று! காவிரிக் கரையிலே நமக்கு நிழல் தருகிற அதே தென்னங்கீற்று. கும்பகோணத்திலே சமையல் கூடத்துக் கூரையிலே பிடித்த தீ, மாடியிலே வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. படிக்கட்டோ குறுகல். காய்ந்த கீற்று எரிகிற வேகத்துக்கு எந்த வண்டி ஈடு கொடுக்கும்? ஓட்டுநர் சாவியைத் திருப்புவதற்குள் கூரை இறங்கிவிடுகிறதே! அதற்குப் பிறகுதான் பள்ளிகளிலே கீற்றுக் கூரையை அகற்றச் சொல்லி ஆணை பிறந்தது. 94 உயிர் கொடுத்து வாங்கிய பாடம் அது.

சரி, வண்டி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வண்டியிலே சுமார் 4,500 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சினால் பத்தே நிமிடம்! அப்புறம்? பக்கத்துக் குளத்திலே குழாயை இறக்க வேண்டும். அந்தக் குளத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? ஆகாயத்தாமரை வளர்க்கிறோம்! வண்டி திரும்புகிற சந்திலே திண்ணையைக் கட்டியிருக்கிறோம். மண்டபத்துக்குச் சான்றிதழ் வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். அவசர வழியிலே உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைக்கிறோம். தீயணைப்புக் கருவியை வருடத்துக்கு ஒருமுறை தொடுகிறோம். எதுக்கு? ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்க! (பலத்த சிரிப்பு)

வள்ளுவர், வருமுன் காக்காதவன் வாழ்க்கைக்கு உவமை தேடினார். எதைப் பிடித்தார் தெரியுமா? நெருப்பின் முன்னே கிடக்கிற வைக்கோல் போரை! நம்ம ஊர் வைக்கோல் போரைப் பார்த்தே சொன்ன மாதிரி இருக்கிறது. அறுவடை முடிந்ததும் போரை எங்கே போடுகிறோம்? மின்கம்பிக்கு அடியிலே, கூரை வீட்டை ஒட்டி. போரை நாலு கட்டை வண்டி தூரம் தள்ளிப் போட அரசாணை வேண்டுமா?

நண்பர்கள் கேட்கலாம்: ‘அப்படியானால் துறையே வேண்டாமா?’ வேண்டும், கட்டாயம் வேண்டும். வைத்தியர் கெட்டிக்காரர் என்பதற்காக யாராவது நோய்க்கு ஆசைப்படுவார்களா? பற்றிவிட்டால் 101-ஐக் கூப்பிடுங்கள். ஊர், தெரு, அடையாளம், எரிவது எது என்று பதறாமல் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதுகூட விழிப்புதான்!

2012-இல் சென்னை எழிலகத் தீயிலே அன்பழகன் என்ற தீயணைப்பு வீரர் உயிரைக் கொடுத்தார். எதிரணியினர் அவரைப் போன்றவர்களைப் போற்றச் சொல்கிறார்கள். நான் அவர்களைச் சாகவிடாதீர்கள் என்கிறேன். நாம் அணைக்காமல் விட்ட அடுப்புக்கும், மாற்றாமல் விட்ட கம்பிக்கும் அவர்கள் வீட்டுப் பெண்கள் தாலி அறுக்கக் கூடாது. (கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, துறை நம்மைக் காக்கிறது. அந்தத் துறையையும் சேர்த்துக் காப்பது மக்களின் விழிப்பே என்று தீர்ப்பளியுங்கள்.