வட்டத்தில் வைத்த பை



2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு கதவடைத்தது. அன்றிரவே நாடு முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பெற்றது. இன்று கல்லூரியில் பயில்வோர் அன்று பள்ளியில் இருந்திருப்பீர்கள். பள்ளி இல்லை என்ற மகிழ்ச்சி ஒரு வாரம் இருந்திருக்கும். பிறகு அதுவே சலிப்பாக மாறியிருக்கும். அப்பெருந்தொற்றில் உயிரிழந்தோர் கணக்கையும் மருத்துவமனைகள் பட்ட பாட்டையும் வரலாற்றாசிரியர்கள் எழுதி வைப்பார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்நாளில் நம்மை எரிச்சலூட்டிய சிறு தொல்லைகளை. அவற்றை எழுதி வைப்பார் இல்லை. நாமும் விரைவில் மறந்துவிடுவோம்.

தொல்லைகளுக்குத்தான் என்ன குறை? அவசரமாகத் தொலைபேசியில் ஒருவரை அழைத்தால், அவர் குரலுக்கு முன்னே யாரோ ஒருவர் இருமுவது கேட்கும். தொடர்ந்து அறிவுரை வரும். அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். முடிதிருத்தும் கடைகள் மூடப்பட்டமையால் தந்தையர் பிள்ளைகளுக்கு முடி வெட்டினர். அதன் விளைவை இங்கே விவரிக்க வேண்டுவதில்லை. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. பெரும்பாலான இல்லங்களில் அண்ணனே வென்றான் என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மீண்டும் பள்ளி வாயிலை மிதித்தது 2021 ஜனவரி 19ஆம் நாள்தான்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் பட்ட பாடு தனி. முகக்கவசம் அணிந்த மறுகணமே கண்ணாடியில் ஆவி படிந்து உலகம் மறைந்துவிடும். துடைத்தால் மீண்டும் படியும். வங்கியொன்றில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், பொறுமை இழந்து கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டதைக் கண்டேன். அவரைக் குறை கூற மனம் வரவில்லை. ஆயினும் அந்த மங்கலை நாம் ஒரு பாடமாகவே கொண்டிருக்கலாம். நாம் விடும் மூச்சில் வெப்பமும் ஈரமும் உண்டு. கவசம் மூக்கின்மேல் சரியாகப் பொருந்தாவிடில், அம்மூச்சு இடுக்கு வழியே மேலேறிக் கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளாகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத மூச்சு எவ்வழியே போகிறது என்பதைக் கண்ணாடி நமக்குக் காட்டிக் கொடுத்தது. கவசத்தின் மேல்விளிம்பிலுள்ள மெல்லிய கம்பியை மூக்கின் வடிவுக்கு அழுத்திவிட்டால் மங்கலும் குறையும், காப்பும் கூடும். 'முகக்கவசம் அணிக' என்று சுவர்தோறும் எழுதினர். 2020 செப்டம்பரில், அணியாதவர்க்கு 200 ரூபாய் அபராதம் என்றும் விதித்தனர். எதற்காக அணிவது, எவ்வாறு அணிவது என்பவற்றை அந்த அளவு உரக்கச் சொல்லவில்லை.

இதனால் விளைந்ததை எங்கள் ஊர் நியாயவிலைக் கடை வாயிலில் பார்த்தேன். அவ்வாண்டு ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு 1000 ரூபாயும், விலையின்றி அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வழங்கினார்கள். நாளும் நேரமும் குறித்த சீட்டு முன்னரே கொடுத்திருந்தார்கள். கடைமுன் தரையில் சுண்ணாம்பினால் வட்டங்கள் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது கட்டளை. நான் போனபோது வட்டங்கள் யாவும் நிறைந்திருந்தன. ஆனால் ஆட்களால் அல்ல. ஒன்றில் மஞ்சட் பை, ஒன்றில் செருப்பு, ஒன்றில் செங்கல். பைகள் தமக்குள் இடைவெளி விட்டு மிக ஒழுங்காக நின்றன! பைக்கு உரியவர்களோ எதிரேயிருந்த வேப்பமரத்து நிழலில் நெருங்கி அமர்ந்து, கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, நோயைப் பற்றியே உரையாடிக்கொண்டிருந்தனர்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சித்திரை வெயிலை எண்ணிப் பாருங்கள். வட்டம் வரைந்தவர் நிழலை நினைக்கவில்லை. நிழலில் அமர்ந்தவர் மூச்சை நினைக்கவில்லை. பொருள் அறியாமல் வாய்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளைகளை நான் முப்பதாண்டுகளுக்கு மேல் பார்த்தவன். கேட்ட வினாவுக்குச் சரியான விடை வரும். வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் விழிப்பார்கள். ஊரே அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்தது. காய்கறியை மஞ்சள் நீரில் கழுவினோம். ரூபாய்த் தாளை வெயிலில் உலர்த்தினோம். பிறகு காற்றுப் புகாத அறையில் உறவினரோடு கூடி உண்டோம். தொடக்கத்தில் அறிவியலாரும் பொருள்களைத் தொடுவதைப் பற்றி மிகுதியாக எச்சரித்தது உண்மையே. தொடுவதால் தொற்றுவது குறைவு, மூடிய இடத்தில் பலர் விடும் மூச்சே நோய் பரவும் பெருவழி என்பது 2021ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று.

சென்னை, கோவை, மதுரை நகரங்களில் 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு அடைப்பு என்றார்கள். கூட்டம் சேராமல் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. முந்தைய நாள் காலையிலேயே கடைவீதிகளில் தோளோடு தோள் இடித்து மக்கள் நின்றனர். மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை தொற்றுக்கு நிலைக்களனாகி, 5ஆம் நாள் மூடப்பட்டது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அந்நாளில் 'சமூக விலகல்' என்றொரு சொல் எங்கும் ஒலித்தது. உடல் அளவில் இடைவெளி என்பதே சரியான சொல் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கருத்துத் தெரிவித்தது. நம்மிடையே அந்தத் திருத்தம் போதிய அளவு பரவவில்லை. இதைப் பற்றிக்கொண்டு, 'பார்த்தீர்களா, நம் முன்னோர் காரணம் அறிந்துதான் தீட்டு என்று விலக்கி வைத்தார்கள்' எனத் திண்ணைகளில் சிலர் பேசினர். ஆசிரியனாக இருந்தவன் இதைக் கேட்டுக்கொண்டு வாளா இருத்தல் ஆகாது. நோய்க்காக விடும் இடைவெளி தந்தைக்கும் மகனுக்கும் இடையிலும் உண்டு, அமைச்சருக்கும் உண்டு, 14 நாளில் முடிந்துவிடும். தீட்டு பிறப்பைப் பார்த்தது. ஒரு சாராரை மட்டுமே ஒதுங்கச் சொன்னது. தலைமுறை பல கடந்தும் முடியவில்லை. இரண்டையும் ஒன்றெனச் சொல்பவர் நோயையும் அறியார், நம் நாட்டையும் அறியார்.

காரணம் அறியாத அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2020 ஏப்ரல் 19ஆம் நாளிரவு சென்னை கண்டது. நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்து வந்த மருத்துவர் ஒருவர் அத்தொற்றினாலேயே இறந்தார். அவருடலை அடக்கம் செய்யக் கொண்டு சென்றபோது, ஒரு கூட்டம் கூடி மறித்தது. கல்லாலும் கட்டையாலும் தாக்கி, உடல் இருந்த வண்டியை உடைத்தது. பின்னர் நள்ளிரவில், உடன்பணியாற்றிய மருத்துவரும் மருத்துவமனை ஊழியர் சிலருமே அவரை மண்ணுக்குள் வைத்தனர். இந்நோயால் இறந்தோர் உடலிலிருந்து எவருக்கும் தொற்றியதாகச் சான்று இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் அதற்கு முந்தைய மாதமே அறிவித்திருந்தது. நோய் மூச்சின் வழியே பரவுகிறது; இறந்தவர் மூச்சு விடுவதில்லை. இவ்வளவு எளிய செய்தி, கல்லெடுத்தவர்களில் ஒருவருக்கேனும் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பன்முறை எண்ணியிருக்கிறேன். அம்மாதம் முடிவதற்குள், அடக்கத்தைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் எனத் தமிழக அரசு அவசரச் சட்டம் செய்தது. ஈமக்கடனுக்கும் நாம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

எங்கள் தெருவில் கல்லெறிந்தவர் இல்லை. ஆனால் ஒரு வீட்டு வாயிலில் 'தனிமைப்படுத்தப்பட்ட இல்லம்' என்ற அறிவிப்பை ஒட்டிய மறுநாளே, பால்காரர் அவ்வீட்டைத் தாண்டிப் போனார். எதிர்வீட்டார் சன்னலைச் சாத்திக்கொண்டனர். சில நகரங்களில் இத்தகைய வீடுகளின் வாயிலைத் தகரம் வைத்து அடைத்ததும் உண்டு. அவ்வீட்டில் இருந்தவர் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர். இரு நாள் கடுங்காப்பியோடு இருந்திருக்கிறார், யாரையும் கேட்கவில்லை.

மூன்று வீடு தள்ளியிருந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதைக் கவனித்துவிட்டான். பால் உறையை அவ்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, தெருவின் மறு ஓரத்துக்குச் சென்று நின்று, 'பாட்டி' என்று குரல் கொடுத்தான். அவர் வந்து எடுத்துக்கொண்ட பிறகும் அவன் போகவில்லை; அங்கேயே நின்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தான். அவன் தாய் கண்டுவிட்டுப் பதறி, உள்ளே இழுத்துச் சென்று அடிக்கக் கை ஓங்கினார். பையன் அழவில்லை. 'அம்மா, திறந்த வெளியில் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பத்தடிக்கு அப்பால் நிற்கிறேன். பாட்டியும் முகக்கவசம் போட்டிருக்கிறார்கள், நானும் போட்டிருக்கிறேன். எப்படி ஒட்டும், சொல்லுங்கள்' என்று கேட்டான். அந்த அம்மையார் விடை சொல்லவில்லை, அடிக்கவும் இல்லை. மறுநாள் பால் போயிற்று. அதற்கு மறுநாள், பால் உறையோடு ஒரு தூக்குப்பாத்திரத்தில் மிளகு ரசமும் போயிற்று.