புராணமும் மனித விடுதலையும்



சிவபெருமானையும் கண்ணபிரானையும் ஓராலயத்தில் வழிபடும் பேறு பெற்றது மார்சிலிங் வட்டாரம். இங்கே புராணம் கேட்டு வளரும் பிள்ளைகள் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பே. புராணம் மனிதனைக் கட்டும் தளையா, அன்றி அவனை விடுவிக்கும் வழியா? திருநாளைப்போவார் என்னும் நந்தனார் வரலாறு இதற்கு விடை தருகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் இவ்வரலாற்றை விரித்துரைத்தார். ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்தார். ஆயினும் வாயிலுக்கு வெளியே நின்றே தொழுதார். திருப்புன்கூரில் நந்தி விலகியது, வாயில் திறக்கவில்லை. தில்லைக்குச் செல்லும் ஆசை எழுந்தபோதெல்லாம் தம் குலத்தை எண்ணித் தயங்கி, ‘நாளைப் போவேன்’ என்றார். அங்கே தடை அவர் நெஞ்சிலும் புகுந்திருந்தது.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாக இதனைப் பாடியபோது, சேக்கிழார் நூலில் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணை முதலாளியாகப் படைத்தார். வயல் வேலையை முடித்த பின்னரே தில்லைப் பயணம் என்று அவர் தடுக்கிறார். நெஞ்சிலிருந்த தடைக்குப் புறத்தே இருந்த காரணமும் இவ்வாறு வெளிப்பட்டது. புராணம் அசையாக் கல்லாயின், இம்மாற்றம் நிகழ்ந்திருக்குமா?

சைவ சித்தாந்தம் உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் உண்டென்றும், பாசம் அவற்றை மறைக்கிறதென்றும் கூறும். வினைப்பயன் உண்டு, எனினும் இன்று செய்யும் வினை, உயிரின் விருப்பத்தோடும் முயற்சியோடும் கூடியது. ஆகவே ‘எல்லாம் விதி’ என்று கைகட்டி இருப்பது சித்தாந்தத்தின் முடிவன்று. மேலைநாட்டிலும் ஆல்பர்ட் காம்யூ 1942இல், ஓயாது பாறையை உருட்டும் சிசிபஸ் என்னும் கிரேக்கப் புராண மாந்தனிடம் மனித விடுதலையைக் கண்டார். அவர் இறைவனை நாடவில்லை. ஆயினும் பழங்கதை புதுச்சிந்தனைக்கு இடந்தரும் என்பதற்கு அவரும் சான்றாவார்.

நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக்குள் சென்றார் என்பது புராணம். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்திற்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தபோது, அவர்களை எவரும் தீயில் மூழ்கச் சொல்லவில்லை. நந்தி விலகியது இறைவன் அருள். வாயிலைத் திறப்பது மனிதர் கடமை. அக்கடமையை ‘நாளை’ என்று தள்ளாதிருப்பதே விடுதலை.

கதையைக் கேட்டுக் கண்ணீர் சிந்துவதோடு நில்லாது, இன்றும் தயங்கி வெளியே நிற்பவர் எவரேனும் உளரா என்று ஒவ்வோர் அடியாரும் திரும்பிப் பார்த்தல் வேண்டும். அவரைக் கைகொடுத்து அழைத்து வருதலே நந்தனாருக்குச் செய்யும் குருபூசையாகும்.

திருச்சிற்றம்பலம்.